ஏழு மில்லிமீட்டர்

ஏப்ரல் 3, வியாழன்

ஜனவரியில் வர வேண்டிய டைரி இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது. பற்பசைக் கம்பெனிக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். முதல் பக்கத்தில் பெயர், தொழில், முகவரி எல்லாம் கேட்கிறார்கள். பெயர் பூங்கோதை. தொழில், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் ஈறு நோய்த் துறைப் பேராசிரியர். முகவரியும் கல்லூரிதான். வீட்டில் நான் செய்வது தூங்குவது மட்டும். வீட்டுக்காரர் நல்லசிவம் போர்வெல் லாரிகளோடு சத்தீஸ்கரில் கிடக்கிறார். "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான் அம்மிணி" என்பார். அவர் பூமியைத் துளைத்துக் குழாய் இறக்குகிறார். நான் தாடை எலும்பைத் துளைத்து இம்பிளான்ட் திருகு இறக்கி, அதன்மேல் பல் கட்டுகிறேன்.

மதியம் டீன் கூப்பிட்டனுப்பினார். முகத்தைப் பார்த்ததுமே வில்லங்கம் என்று தெரிந்தது. ஈறு நோயால் பல்லை இழந்தவர்களுக்கு இம்பிளான்ட் வைத்தால் எத்தனை காலம் நிற்கும் என்று எட்டு வருஷமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறேன். பல்கலைக்கழகக் குழு இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறதாம். ஒன்று, இம்பிளான்ட் வைத்துக்கொண்டவர்களில் ஐந்தில் நான்கு பேராவது ஜூன் முடிவதற்குள் வந்து வாயைக் காட்ட வேண்டும். இரண்டு, வெளியூர் நிபுணர் ஒருவர் என்னோடு உட்கார்ந்து அளந்து, அவர் அளவும் என் அளவும் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா.

"இதுவரைக்கும் பாதிப் பேர்கூட வரலையே மேடம்" என்றார் டீன்.

"வருவாங்க சார். போன் பண்ணினா வந்துட்டுப் போறாங்க" என்றேன். எட்டு வருஷ உழைப்பு! அப்படியெல்லாம் விட்டுவிடுவேனா?

ஏப்ரல் 7, திங்கள்

காலை முழுக்க போன். துறையில் நோயாளிகளைக் கூப்பிடும் வேலை ஜமுனாவுடையது. பதினைந்து வருஷமாக என்னோடு இருப்பவள். அவள் ரொம்பக் கெஞ்சுகிறாள், அது வேலைக்கு ஆகாது என்று நானே போனை வாங்கிக்கொண்டேன்.

ஒருவர் கண்ணாலம் என்றார். ஒருவர் மஞ்சள் வேக வைக்கிறாராம். ஒரு அம்மா என் குரலைக் கேட்டதும் "ராங் நம்பருங்க" என்று வைத்துவிட்டார். சங்ககிரியில் மெஸ் நடத்தும் பாவாயிதான் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். முன்பல் இரண்டுக்கும் இம்பிளான்ட் வைத்துக்கொண்ட மகராசி, இரண்டு வருஷமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

"வர்றனுங் டாக்டரம்மா. எங்கூட்டுல ஒறம்பரைங். அவங்களத் தாட்டி விட்டுட்டு வர்றனுங்."

"போன மாசமும் சொந்தக்காரங்க, ஒறம்பரைன்னுதானே சொன்னீங்க?"

"அவங்க இன்னும் போகலீங்."

இந்த ஊர் ஜனங்களுக்குப் பல் என்றால் அலட்சியம். கழுத்தில் போடும் நகையைப் பாலிஷ் போட சேலம் வரை போவார்கள். வாயிலிருக்கும் பல்லைக் காட்ட உள்ளூரில் வர மாட்டார்கள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

யாரும் வரவில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

வாஷ்பேசின் துடைத்தேன், துணி அலமாரி அடுக்கினேன். பழைய ரவிக்கைகளெல்லாம் தொளதொளவென்று இருக்கின்றன. காலை நடைக்குப் பலன் இருக்கத்தான் செய்கிறது. இவ்வளவுக்கும் நான் நடக்க ஆரம்பித்து இரண்டு வாரம்தான், அதிலும் பாதி நாள் போகவில்லை. சத்தீஸ்கருக்குப் போன் போட்டுப் பெருமை அடித்துக்கொண்டேன்.

"என்ன அம்மிணி, சோறு தண்ணி இல்லாமக் கெடக்கறயா?"

"சோறு எச்சாவே திங்கறன் மாமா. தண்ணியும் பானை பானையாக் குடிக்கறன். வெயிலுக்கு நாக்கு வறண்டு போகுது."

"அப்படிக் குடிச்சா எங்க போர்வெல்லுக்கு வேல வந்துரும் போ" என்றார். இந்த மனுஷனுக்கு எப்போதும் கிண்டல்தான்.

பிரஷ் மாற்ற வேண்டும். நார் முரட்டு நாராக இருக்கிறது, துப்பினால் இளஞ்சிவப்பாக வருகிறது. நேற்று பீட்ரூட் பொரியல் வேறு. பக்கத்து வீட்டில் முறுக்குக் கொடுத்தார்கள், டப்பாவில் அப்படியே கிடக்கிறது. இப்போதெல்லாம் முறுக்கில் பழைய ருசி இல்லை. காப்பியில் நனைத்தால் பரவாயில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

ஒருவர் வந்தேவிட்டார்! தறி போட்டிருக்கும் அர்த்தனாரி. வேட்டியெல்லாம் மடிப்புக் கலையாமல் வந்து உட்கார்ந்தார். புரோப்பை எடுத்தேன். கோடு போட்ட மெல்லிய கம்பி அது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டால் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறதோ அதுதான் கணக்கு. மூன்று வரைக்கும் நல்லது. நாலு, ஐந்து என்றால் விழித்துக்கொள்ள வேண்டும். ஆறு, ஏழு என்றால் உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நான் எண்ணைச் சத்தமாகச் சொல்லச் சொல்ல ஜமுனா எழுதுவாள். எல்லாக் கல்லூரியிலும் இதுதான் வழக்கம்.

அர்த்தனாரிக்கு இம்பிளான்ட்டைச் சுற்றி ஆறு. அதை அப்படியே விட முடியுமா? எட்டு வருஷத்துக்கு முன்னால் எத்தனை தடவை சொன்னேன், தினமும் இரண்டு வேளை துலக்குங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள் என்று! எடுத்துச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு "ஆமாங், தப்புத்தானுங்" என்றார். வியாழக்கிழமை சுத்தம் செய்ய வரச் சொல்லியிருக்கிறேன்.

அவர் போனதும் ஜமுனா சொல்கிறாள், "மேடம், நீங்க பேசினது லிஃப்ட் வரைக்கும் கேட்டுதுங்க. வெளில உக்காந்திருந்தவங்க ரெண்டு பேரு எந்திரிச்சுப் போயிட்டாங்க."

சத்தமெல்லாம் போடவில்லை. என் குரலே அப்படித்தான்.

ஏப்ரல் 24, வியாழன்

அர்த்தனாரி வரவில்லை. தறியில் நூல் அறுந்திருக்கும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

முகம்மது மலையிடம் போகட்டும் என்று நானே சங்ககிரிக்குக் காரை விட்டேன். பாவாயி மெஸ்ஸில் மதியக் கூட்டம். பள்ளிபாளையம் சிக்கன் வாசனை ரோடு வரைக்கும் வருகிறது. பாவாயி கல்லாவில் உட்கார்ந்து யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து சமையல்கட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது முந்தானையால் மூக்கு வரைக்கும் மூடியிருந்தார். அடுப்புப் புகை போலிருக்கிறது.

"ஏனுங் டாக்டரம்மா, இத்தன தூரம்! உக்காருங், நாட்டுக்கோழி வறுவல் சூடா இருக்குது."

"எலும்பு வேண்டாங்க. ரெண்டு இட்லி மட்டும் போதும்."

"மத்தியானத்துல இட்லிங்களா?"

"மெதுவா இருக்குமில்ல, அதான்."

இட்லி வந்தது. தொட்டுக்கொள்ள மூன்று வகை. தண்ணீர் மட்டும் ஒரு சொம்பு முழுக்கக் குடித்திருப்பேன். பாவாயி எதிரே நின்று மகள் பிரசவம், கேஸ் விலை, மாஸ்டர் ஓடிப்போனது எல்லாம் சொன்னார். பல்லைப் பற்றி மட்டும் பேச்சு வரவில்லை. நான் பேச்செடுத்ததும் "சாம்பாரு அடிப்பிடிக்குதுங்" என்று உள்ளே ஓடினார். சாம்பாருக்கு இப்படி ஓடியவர்களை நான் பார்த்ததில்லை. கடைசி வரை முந்தானையை எடுக்கவேயில்லை. அந்த வெக்கையில் எப்படித்தான் மூச்சு விடுகிறாரோ.

மே 5, திங்கள்

வெளியூர் நிபுணராக யாரைப் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? இந்திராணி! சென்னையில் எனக்கு வகுப்புத் தோழி, நான் கூப்பிடுவது இந்து. விடுதியில் ஒரே அறை. என் தங்கப் பதக்கத்தை அரை மார்க்கில் தட்டிக்கொண்டு போனவள், நியாயமாகச் சொன்னால் அவள் பதக்கத்தை நான்தான் தட்டிக்கொண்டு போகப் பார்த்தேன். இப்போது சென்னையில் பெரிய பேராசிரியர். போன் செய்தாள்.

"கோதை, பதினஞ்சாம் தேதி வரேன். உன் கை இன்னும் அதே பாரமாத்தான் இருக்கா?"

"என் கை சரியா இருக்கு. உன் கண்ணுக்குத்தான் புதுக் கண்ணாடி வேணும்."

"ரெண்டு பேர் அளவும் ஒத்துப்போகலேன்னா உன் ஆராய்ச்சி அவ்ளோதான்டி. ஞாபகம் இருக்கட்டும்."

இருக்காதா பின்னே. இரண்டு நாளாக பிளாஸ்டிக் தாடையை வைத்துக்கொண்டு கை பழகுகிறேன். ஐம்பத்திரண்டு வயதில் பிராக்டிகல் பரீட்சை.

மே 15, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

இந்து ஏழு மணிக்கே வந்துவிட்டாள். முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டிருக்கிறாள், நன்றாகவே இருக்கிறது, அவளிடம் சொல்லவில்லை. திட்டம் இதுதான். கெட்டுப்போன ஈறு உள்ள சில நோயாளிகளை நான் ஒரு முறை, அவள் ஒரு முறை, ஒருவர் அளவை இன்னொருவர் பார்க்காமல் அளக்க வேண்டும். அதோடு அவள் தன் கையைத் தானே சரிபார்க்க, ஆரோக்கியமான வாய் ஒன்றைக் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் அளப்பாள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அவள் கை நிலையான கை.

நோயாளிகள் வந்துவிட்டார்கள். ஆரோக்கியமான வாய்க்கு ஏற்பாடு செய்திருந்த பேங்க் அதிகாரி வரவில்லை. மாணவர்கள் பரீட்சை ஹாலில்.

"நல்ல ஈறு ஒண்ணு வேணும், அவ்ளோதானே? நான் உக்கார்றேன்" என்று நாற்காலியில் ஏறிப் படுத்துவிட்டேன். ஈறு நோய்ப் பேராசிரியரின் ஈறைவிட நல்ல ஈறு எங்கே கிடைக்கும்? கடைசியாக என் வாயை யார் பார்த்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. எனக்குக் கீழே வேலை செய்கிறவர்களுக்கு என்னிடம் வாயைத் திற என்று சொல்லத் தைரியம் வருமா?

இந்து மேல்தாடையில் ஆரம்பித்தாள். "மூணு, ரெண்டு, மூணு. மூணு, ரெண்டு, ரெண்டு." ஜமுனா எழுதிக்கொண்டே வந்தாள். எனக்குத் தாலாட்டு மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். கீழ்த்தாடை இடது பக்கம் வந்தபோது இந்துவின் குரல் மாறியது.

"அஞ்சு. ஆறு. ஏழு."

ஜமுனாவின் பேனா நின்றுவிட்டது. "ஏழுங்களா மேடம்?"

"ஏழு. ரத்தம் வருது. பல்லு ஆடுது."

வாயில் கண்ணாடி, கம்பி, உறிஞ்சுகுழாய். "ஆ... ஆ..." என்றேன். அவளுக்கு அது புரிந்திருக்கும், ஆனாலும் நிறுத்தவில்லை. அடுத்த பல்லுக்கு ஐந்து, ஐந்து, ஆறு. அறை முழுக்க ஆட்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு நோயாளி, வாசலில் இரண்டு பேர். அந்த எண் ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம் என்று அங்கிருந்தவர்களிலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். காது மடல் கொதித்தது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. மேலே விளக்கு, கையில் துடைப்புத் துணி, எங்கே ஓடுவது?

எழுந்ததும் கத்தினேன். "அழுத்திக் குத்தற நீ! அப்படிக் குத்தினா சுவத்துலகூட ஏழு எறங்கும்!"

"சரி. சாயங்காலம் மறுபடியும் பார்க்கலாம்" என்றாள், கையுறையைக் கழற்றிக்கொண்டே.

சாயங்காலம் மறுபடியும் படுத்தேன். ஐந்து. ஆறு. ஏழு.

மே 16, வெள்ளி

மற்ற நோயாளிகளையெல்லாம் இன்று அளந்து முடித்தோம். என் எண்கள் தனி, அவள் எண்கள் தனி. கணக்கு நாளை. இந்துவுக்கு வீட்டிலேயே சாப்பாடு. அரிசிம்பருப்பு சாதம் செய்தேன். அவள் ரசித்துச் சாப்பிட்டாள். நான் அவளைப் பார்க்காமல் சாப்பிட்டேன்.

மே 17, சனி

ஒத்துப்போய்விட்டது. சாதாரணமாக இல்லை, பிரமாதமாக. எங்கேயாவது ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம், பாக்கியெல்லாம் அச்சில் வார்த்த மாதிரி. டீன் கை குலுக்கினார். எனக்கு வாயெல்லாம் பல்லாக இருந்திருக்க வேண்டும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏனென்றால் கணக்கு எனக்கும் தெரியும். இந்துவின் கை சரியில்லை என்றால் என் பல் தப்பும், ஆராய்ச்சி போகும். அவள் கை சரி என்றால் ஆராய்ச்சி தப்பும், என் பல் போகும். அவள் கை சரி என்பதை என் கையே நிரூபித்துவிட்டது. எட்டு வருஷமாக எந்த முடிவுக்காகக் காத்துக் கிடந்தேனோ அது வந்த நாளில் குப்பென்று வியர்த்தது.

ரயில் நிலையத்தில் இந்து கேட்டாள். "எவ்ளோ நாளா ரத்தம் வருது?"

"பிரஷ் முரடு."

"எளச்சுட்டே."

"நடக்கறேன்."

"இங்க வந்ததுலேர்ந்து பார்க்கறேன், நாலு பாட்டில் தண்ணி குடிச்சுட்டே. கோதை, சுகர் எப்பப் பார்த்தே?"

ரயில் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன். ஈறு திடீரென்று இப்படிக் கெட்டால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள் என்று வருஷா வருஷம் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். கேட்டுக் கேட்டு அவர்களுக்கே மனப்பாடம்.

மே 19, திங்கள்

சுகர் பார்த்தேன். எண்ணை இங்கே எழுதப் போவதில்லை. மாத்திரை ஆரம்பித்தாயிற்று.

மே 23, வெள்ளி

இன்று இந்து வந்து ஆடுகிற பல்லை எடுப்பதாக ஏற்பாடு. சுகர் இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று தள்ளி வைத்தேன். அது நியாயமான காரணம்.

மே 30, வெள்ளி

சுகர் இறங்கிவிட்டது. ஆனால் இன்று செமினார். செமினாரை விட்டுவிட்டா போக முடியும்? இந்துவிடம் சொன்னேன். "ம்" என்றாள். அந்த "ம்" எனக்குப் பிடிக்கவில்லை.

நோயாளிகள் வருகையில் ஒரு முன்னேற்றமும் இல்லை. இந்த மாதம் வந்தவர்களை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிடலாம். ஜூன் ஒன்றுதான் பாக்கி. அளவு சரி என்று ஆகிவிட்டது, அளப்பதற்கு வாயைத்தான் காணோம்.

ஜூன் 2, திங்கள்

காலை பத்து மணி இருக்கும். என் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். செல்போன் அடிக்கிறது. துறையின் நம்பர். ஜமுனா இரண்டு கதவு தள்ளி உட்கார்ந்திருக்கிறாள், எதற்கு போன்?

"வணக்கமுங்க. ஈறு நோய்த் துறையில இருந்து ஜமுனா பேசறனுங்க. பூங்கோதைங்களா?"

"ஜமுனா, என்ன வெளையாட்டு இது?"

"உங்களுக்குப் பல்லெடுக்கற தேதி ரெண்டு வாட்டி தள்ளிப் போயிருக்குதுங்க. எப்ப வர்றீங்கன்னு கேக்கச் சொல்லி சென்னை மேடம் சொன்னாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "இந்த வாரம் முடியாது ஜமுனா. தேர் நோம்பி வருது. வீட்டுல ஒறம்பரை இருக்காங்க. அப்புறம் வர்றேன்."

"சரிங்க. எழுதிக்கறனுங்க. தேர் நோம்பி, ஒறம்பரை."

வைத்துவிட்டாள். என் வீட்டில் ஒறம்பரை என்று ஒரு ஈ காக்காய் இல்லை. வீட்டுக்காரரே சத்தீஸ்கரில் இருக்கிறார்! போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் கோபம், அப்புறம் சிரிப்பு, அப்புறம் இரண்டும் இல்லை.

அவள் மேஜைக்குப் போனேன். எழுந்து நின்றாள், திட்டப் போகிறேன் என்று நினைத்து.

"உக்காரு. ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. நம்ம நோயாளிங்க ஏன் வர்றதில்ல?"

"சொன்னாத் திட்டுவீங்க மேடம்."

"திட்டமாட்டேன். சொல்லு."

"அதானுங்க மேடம். அதேதானுங்க காரணம்."

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. ஜமுனா மெதுவாகச் சொன்னாள். "பல்லு கெட்டுப்போனது அவங்களுக்கே தெரியுமுங்க. வந்தா எல்லார் முன்னாடியும் ஆறு, ஏழுன்னு சொல்லுவோம். அப்புறம் நீங்க கேப்பீங்க, ஏன் துலக்கலன்னு. வலிக்குப் பயந்துக்கறதில்லீங்க மேடம். வெக்கமுங்க."

அன்றைக்கு நாற்காலியில் காது மடல் கொதித்தது ஞாபகம் வந்தது. எனக்கு ஒரு நாள்தான். இவர்கள் ஒவ்வொரு தரமும் இதற்குத்தான் பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். அழுகை வந்துவிட்டது. ஜமுனா முன்னாலேயே அழுதேன். அவள் பஞ்சை எடுத்து நீட்டினாள், எங்கள் துறையில் அதற்கு மட்டும் பஞ்சம் இல்லை.

இந்துவுக்கு நானே போன் செய்து வெள்ளிக்கிழமை என்று சொன்னேன்.

ஜூன் 6, வெள்ளி

பல் போயிற்று. வீட்டுக்காரர் ரயில் பிடித்து வந்து சேர்ந்தார். இந்து எடுத்த பல்லைத் தட்டில் போட்டதும் எட்டிப் பார்த்து, "கேசிங் பைப்பே கழண்டு வந்துருச்சே டாக்டரு" என்றார். வாய் மரத்துப்போயிருந்தது, கையை ஓங்கினேன். பாக்கி இடமெல்லாம் இந்து சுத்தம் செய்துவிட்டாள். நேரம் பிடித்தது. ஒரு வார்த்தை திட்டவில்லை. ஊசி போடும்போது மட்டும் என் கன்னத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

கஞ்சி குடித்தேன். உப்பு குறைவு.

ஜூன் 9, திங்கள்

போன் போட ஆரம்பித்தேன். வேறு மாதிரி. முதல் ஆள் அர்த்தனாரி.

"அண்ணா, பூங்கோதை பேசறன். திட்டறதுக்கில்லீங்க. எனக்கும் ஈறு நோய் வந்து ஒரு பல்லு போயிருச்சுங்க. ஏழு மில்லிமீட்டர். உங்களுக்கு ஆறுதான்."

பின்னால் தறி ஓடுவது கேட்டது. பிறகு, "அட... நெசமாங் மேடம்? மருந்து கிருந்து சாப்படறீங்களா?" என்று விசாரித்தார். எனக்கு நாட்டு வைத்தியம் வேறு சொன்னார். கேட்டுக்கொண்டேன்.

அளக்கும் இடத்தைச் சுற்றித் திரை போடச் சொல்லிவிட்டேன். எண்ணை ஜமுனாவுக்குக் கேட்கிற அளவுக்குச் சொன்னால் போதும்.

ஜூன் 13, வெள்ளி

அர்த்தனாரி சம்சாரத்தோடு வந்தார். சம்சாரமும் வாயைக் காட்டிவிட்டுப் போனார்!

ஜூன் 20, வெள்ளி

வருகிறார்கள். பெஞ்சில் இடம் இல்லை. ராங் நம்பர் அம்மாகூட வந்துவிட்டார், நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என் பொக்கை வாயைப் பற்றிச் செய்தி பரவியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் என்னை நலம் விசாரிக்கிறார்கள்.

ஒரு விஷயத்தை மனசு விட்டு எழுதிவிட வேண்டும். வர வர ஆராய்ச்சியின் அழகு குறைகிறது. முன்பு வந்துகொண்டிருந்தவர்கள் ஈறு நன்றாக இருந்தவர்கள். அதை வைத்துத்தான் இம்பிளான்ட் எல்லாம் ஜம்மென்று நிற்கிறது என்று மேடை மேடையாகப் பேசினேன். வராமல் இருந்தவர்களுக்குத்தான் கெட்டுப்போயிருக்கிறது. அவர்கள் வந்தபிறகு வெற்றிக் கணக்கு மளமளவென்று இறங்குகிறது. இந்துவிடம் சொன்னேன். "இப்பத்தான்டி அது ஆராய்ச்சி" என்றாள். வலிக்கத்தான் செய்தது, ஆனால் அவள் சொன்னது சரி.

ஜூன் 27, வெள்ளி

இன்னும் ஒரே ஒருவர் வந்தால் ஐந்தில் நான்கு. ஊரைவிட்டுப் போனவர்கள், நம்பர் மாறியவர்கள் போக பாக்கி இருப்பது பாவாயிதான். திங்கட்கிழமையோடு கெடு முடிகிறது. மறுபடியும் போன் போட்டேன்.

"பாவாயிங்க, எனக்கும் பல்லு போச்சுங்க."

"கேள்விப்பட்டனுங். உங்களுக்கேவா?"

"எனக்கேதான்."

"என்னங் டாக்டரம்மா, என்னை வரவெக்கறதுக்காகச் சொல்றீங்களோ என்னமோ."

"சத்தியமாங்க."

"பாக்கறனுங்" என்றார். எட்டு வருஷமாக அவர் சொல்கிற "பாக்கறனுங்" எனக்குத் தெரியாதா.

டீனிடம் கெடுவை நீட்டச் சொல்லிக் கேட்டேன். குழு ஒப்புக்கொள்ளாது என்றார். வீட்டுக்கு வந்து, இன்னும் சத்தீஸ்கர் திரும்பாத வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன், அவர் ஒன்றும் செய்யவில்லை, பாவம்.

ஜூன் 30, திங்கள்

மதியம் வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிடப் போகலாம் என்று எழுந்தபோது பாவாயி வந்து நின்றார். கையில் டிபன் கேரியர். பட்டுப்புடவை. உள்ளே வரவில்லை, திரைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

"உள்ள வாங்க."

"வர்றனுங். மொதல்ல நீங்க காட்டுங்."

"என்னது?"

"வாயத் தொறந்து காட்டுங். நெசமாப் பல்லு போச்சான்னு நாம் பாக்கோணும்."

ஜமுனா எழுந்தாள், நான் கையமர்த்தினேன். நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்து, விளக்கை நானே இழுத்துவிட்டு, வாயை அகலமாகத் திறந்தேன். பாவாயி கிட்டே வந்தார். குனிந்தார். என் தாடையை ஒரு கையால் பிடித்துத் திருப்பி, இடது பக்கம் கீழே நன்றாக உற்றுப் பார்த்தார். வெற்றிலை வாசனை அடித்தது.

"அட ஆமாங்..." என்றார். "ஒன்னுதானுங்களா?"

தலையாட்டினேன்.

"எனக்கு ரெண்டுமே போச்சுங். நீங்க வெச்ச ரெண்டும். வருசம் ஒன்னாச்சு. அத்தன பாடுபட்டு வெச்சவங்ககிட்ட எந்த மூஞ்சிய வெச்சுட்டு வந்து சொல்றதுன்னுதானுங்..."

நான் நாற்காலியிலிருந்து இறங்கி, அவர் கையைப் பிடித்து ஏற்றி உட்காரவைத்தேன். கையுறை போட்டுக்கொண்டேன். பாவாயி கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.

ஜமுனா பேனாவை எடுத்தாள். நான் அவள் பக்கம் குனிந்து, பாக்கிப் பற்களின் எண்களை மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தேன்.